மேஜர் ஆகவில்லை

ஃபோன் வந்தது புதன்கிழமை காலை.

ஆத்மநாதன் அப்போது அன்னவாசல் கடைத்தெருவில், ஒரு டீக்கடையின் பின்பக்கம் தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டுகிற குட்டியானை வண்டி எதிரே நின்றது. ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு எடுத்தார்.

பேசியது ஒரு பெண் குரல். பெயர் ராஜலட்சுமியாம். புதுக்கோட்டை டவுனில் உள்ள அரசுக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவாம். பி.காம். காத்திருப்போர் பட்டியலில் இருந்த பிரகதீஸ்வரிக்கு இடம் வந்திருக்கிறதாம். யாரோ ஒரு பிள்ளை பாலிடெக்னிக் போனதால் காலியான இடம். அந்த ஒன்றுதான்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போர்ட்டல் மூடிரும்ங்க. அதுக்குள்ள ஒரிஜினலோட பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க. மார்க் ஷீட்டு, டி.சி., சாதிச் சான்று. ஜெராக்ஸ் செல்லாது. வரலைன்னா அடுத்த பிள்ளையக் கூப்பிட்டுருவோம்.”

ஆத்மநாதன் எல்லாவற்றுக்கும் சரிங்க என்றார். டீக்கடைக்காரரிடம் மகளுக்கு கவர்மெண்ட் காலேஜ் கிடைத்துவிட்டது என்று சொல்லி, அவர் கொடுத்த டீயைப் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது.

ஒரிஜினல் வீட்டில் இல்லை.

*

அது எங்கே போனது என்பதைச் சொல்ல வேண்டுமானால், பிரகதீஸ்வரியின் ஆசையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிளஸ் டூவில் அவள் கணக்குப்பதிவியல் எடுத்துப் படித்தவள். ஒரு கம்பெனியின் கணக்கு வழக்கைப் பார்த்தே அது நிமிருமா, கவிழுமா என்று சொல்லும் வேலை ஒன்று உண்டு என்று ஆசிரியை ஒருமுறை சொல்லப்போக, அன்றிலிருந்து அதுதான் பேச்சு. பி.காம். படிக்க வேண்டும், அப்புறம் சி.ஏ. பரீட்சை, அப்புறம் அந்த வேலை. என்ன வேலை என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆத்மநாதன் சுருக்கமாக ‘பைனான்ஸ்’ என்று சொன்னார். ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு இருளாண்டி, “பொம்பளப் பிள்ளையப் போயி வண்டி தூக்குற வேலைக்கா அனுப்பப் போற?” என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அதுமுதல் தன் பைக்கை வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தத் தொடங்கினார்.

தேர்வு முடிவு வந்த சில நாளில் அன்னவாசல் கல்யாண மண்டபம் ஒன்றில் ‘உயர்கல்வி வழிகாட்டித் திருவிழா’ நடந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், என்ன பாடம் எடுக்கலாம் என்று நடுநிலையோடு வழிகாட்டுவதாக நோட்டீஸ் சொன்னது. வழிகாட்ட வந்திருந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். திருமயம் போகும் நெடுஞ்சாலையில், பழைய ஜல்லி கிரஷர் இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் தனலாபம் உலகப் பல்கலைக்கழகம். மணமேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், ஒரு லேப்டாப்போடு ஷர்லி என்ற ஆலோசகர் உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பாவுக்கு மேஜர் என்ன சார்?”

“இன்னும் ஆகலைங்க,” என்றார் ஆத்மநாதன். “ஆவணி பொறந்தா ஆயிருவா.”

ஷர்லி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பெற்றோர் சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பதிய வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட உத்தரவு. ‘ஆகவில்லை’ என்று பதிந்தாள்.

“ஓகே. மைனர்?”

“ஆமாங்க. இப்ப மைனர்தாங்க.”

அதையும் பதிந்தாள். ‘இப்ப’ என்பதை ஆங்கில எழுத்தில் ஐ, பி, பி, ஏ என்று அடித்ததும், புத்திசாலியான அந்த மென்பொருள் மேற்கொண்டு காத்திருக்காமல் ஐ.பி.பி.ஏ. என்ற துறையைத் தானாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது. இன்சூரன்ஸ், பென்ஷன் மற்றும் பிராவிடண்ட் நிர்வாகத் துறை.

பிரகதீஸ்வரி அப்பாவின் சட்டையை இழுத்தாள். இவர்கள் கேட்பது வயதை அல்ல, முக்கியப் பாடம் எது, துணைப் பாடம் எது என்று கேட்கிறார்கள் என்றாள். பின்னாலிருந்த வரிசை நெருக்கியது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் ஷர்லி. ஒரிஜினலை மட்டும் கொடுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறோம் என்றாள்.

ஸ்கேன் செய்யும் எந்திரம் திருமயத்தில் இருந்தது. ஒரிஜினல் சூட்கேஸில் ஏறி அங்கே போயிற்று. போனது போனதுதான்.

*

புதன்கிழமை மதியமே அப்பாவும் மகளும் குட்டியானையில் தனலாபத்துக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெண்கலக் காளை, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பங்குச் சந்தை ஏறுமுகத்தில் இருப்பதைக் குறிக்கும் காளை அது. ஆனால் இது புதுக்கோட்டை ஜில்லா. சுற்று ஊர்க்காரர்கள் அதன் திமிலைத் தடவிப் பார்த்து, வாடிவாசலில் இது நின்று விளையாடுமா என்று விவாதித்துவிட்டு, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். செக்யூரிட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார். உள்ளே டீன் அறை வாசலில் சந்தையின் இறங்குமுகத்துக்கு ஒரு கரடி இருந்தது. அதற்கு யாரும் மாலை போடவில்லை. கரடி விடுவதெல்லாம் இந்த ரூமில்தான் போல என்று ஆத்மநாதன் மகளிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மூன்று நாளில் அவர் அடித்த கடைசி ஜோக் அது.

டீன் டாக்டர் ரகுநாத் எழுந்து நின்று கை குலுக்கினார். மூன்று டிகிரியும் ஒரு டையும் அணிந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சோகம் வந்தது. பயிற்சி பெற்ற சோகம்.

“எங்க பாலிசி ரொம்ப சிம்பிள் சார். யார் வேணும்னாலும் விலகலாம். ஆனா எதுலேர்ந்து விலகுறீங்கன்னு சொல்லணும் இல்லையா? உங்க டாட்டர் மேஜர் டிக்ளேரே பண்ணல. ரெக்கார்டுல ‘ஆகவில்லை’ன்னு இருக்கு. மேஜர் இல்லாதவங்க டெக்னிக்கலா இன்னும் உள்ளேயே வரல. உள்ள வராதவங்களை நான் எப்படி வெளிய அனுப்புவேன்?”

“நாங்க உள்ள வரலைன்னா, எங்க ஒரிஜினல் மட்டும் எப்படி சார் உள்ள வந்துச்சு?” என்றாள் பிரகதீஸ்வரி.

டீன் மகிழ்ந்துபோனார். இப்படிக் கேள்வி கேட்பவர்களைத்தான் இந்தப் பல்கலைக்கழகம் தேடிக்கொண்டிருக்கிறது என்றார். பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில், அன்றைய ‘மாணவர் ஈடுபாடு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு போட்டார்.

ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று விதி இருப்பதாக அவள் சொன்னாள். ஃபோனில் தேடி எடுத்தும் காட்டினாள். டீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அருமையான விதி என்றார். நாங்கள் பிடித்து வைக்கவில்லை, பாதுகாக்கிறோம், உங்கள் வீட்டில் கரையான் இருக்கலாம், கூரை ஒழுகலாம், இங்கே குளிர்சாதன அறையில் இரும்பு அலமாரியில் இருக்கிறது, சான்றிதழுக்கு இதைவிட நல்ல ஹாஸ்டல் உலகத்தில் கிடையாது என்றார்.

வழி ஒன்றுதான். முதலில் ஒரு மேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் அதிலிருந்து விலக வேண்டும். விலகினால் ஒரிஜினல்.

“அதுக்கு நாளைக்கே ஒரு விழா இருக்கு,” என்றார் டீன். “லக்கி நீங்க.”

*

வியாழக்கிழமை மேஜர் தேர்வு விழா.

ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போகிற நாள். பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கி மாட்டினார்கள். மைதானத்தில் வரிசையாக நின்றபோது அங்கிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. மேடைக்கு மேல் ‘ஆடித் தள்ளுபடி: இன்றே உங்கள் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்று ஒரு ஃபிளெக்ஸ். அதற்குக் கீழே ஒரு பித்தளை மணி. மேஜரைத் தேர்ந்தெடுத்த ஒவ்வொருவரும் மேடையேறி அந்த மணியை அடிக்க வேண்டும். பெரிய பெரிய ஊர்களில் பங்குச் சந்தையை இப்படித்தான் திறப்பார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். மாரியம்மன் கோயிலுக்கு வாங்கிய மணியில் மிச்சம் என்று செக்யூரிட்டி சொன்னார்.

முதலில் ஒரு தேர்வு. எந்தப் பாடம் யாருக்குப் பொருந்தும் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ‘நீங்கள் ஒரு விலங்காகப் பிறந்தால் காளையா, கரடியா?’ ‘உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எதில் முதலீடு செய்வீர்கள்?’ இப்படிப் போனது கேள்வித்தாள். பெற்றோருக்கும் ஒரு சுற்று உண்டு. ஷர்லி மைக்கோடு வந்து, “சாருக்கு ரிஸ்க் அப்பிட்டைட் எப்படி?” என்று கேட்டாள். அப்பிட்டைட் என்றால் பசி என்று பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லைங்க என்றார் ஆத்மநாதன். ஷர்லி ‘மிக அதிகம்’ என்று பதிந்தாள்.

முடிவுகள் பெரிய திரையில் வந்தன. நர்ஸாக வேண்டும் என்று எழுதிய பெண்ணுக்கு ஹெல்த்கேர் ஃபைனான்ஸ். விவசாயக் கல்லூரிக்கு ஏங்கிய குளத்தூர்ப் பையனுக்கு அக்ரி ஃபைனான்ஸ். விமானப் படையில் சேர நினைத்தவனுக்கு ஏவியேஷன் ஃபைனான்ஸ். தனக்கு எதிலுமே விருப்பமில்லை என்று உண்மையைச் சொன்ன ஒருவனுக்கு ஜெனரல் ஃபைனான்ஸ். உண்மையிலேயே ஃபைனான்ஸ் படிக்க விரும்பிய ஒரே ஆளான பிரகதீஸ்வரியின் பெயர் வந்தபோது திரை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே நின்றது. அப்புறம் ‘மறு ஆலோசனை தேவை’ என்று காட்டியது.

ஷர்லியே மனமிரங்கி, ஃபைனான்ஸ் என்று கையால் மாற்றிவிட்டாள். பிரகதீஸ்வரி மேடையேறினாள். மணியை அடித்தாள். கை தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் நேரே டீனிடம் வந்தாள்.

“மேஜர் எடுத்துட்டேன் சார். இப்ப விலகிக்கிறேன். ஒரிஜினலக் குடுங்க.”

டீன் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். டீன் பேனாவை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

“உங்க டேட் ஆஃப் பர்த் படி உங்களுக்குப் பதினெட்டு ஆகலையே. ஒரு மைனரோட கையெழுத்துக்கு லீகல் வேல்யூ கிடையாது.”

“அப்ப நான் போடுறேங்க. நான் அவ தகப்பன்.”

“நோ சார். மேஜரைத் தேர்ந்தெடுக்குறதுல பெற்றோர் தலையீடு இருக்கவே கூடாதுங்கறது எங்க அடிப்படைக் கொள்கை. எத்தனை குடும்பத்துல அப்பாவோட கனவைப் பிள்ளைங்க மேல திணிக்கிறாங்க தெரியுமா? போன மாசம்கூட இதைப் பத்தி நான் ஒரு கருத்தரங்குல அழுதிருக்கேன்.”

ஆத்மநாதன் மகளைப் பார்த்தார். மகள் டீனைப் பார்த்தாள். அவள் கையெழுத்துப் போட முடியாது, மேஜர் ஆகவில்லை. அவர் போட முடியாது, அவர் அப்பா. ஆவணி பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீன் ஆறுதல் சொன்னார். நாளைக்கு நாலு மணியோடு சீட்டு போய்விடும் என்று ஆத்மநாதன் சொன்னார். வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்க சார் என்றார்.

மேஜரை விட்டுவிட்டு மைனர் வழியாக விலகலாம் என்றார் டீன்.

மைனர் எல்லாம் நமக்கு வேண்டாம் சார், எங்க குடும்பத்தில் செயின் போட்டுக்கொண்டு மைனராகத் திரிந்தவர் யாரும் கிடையாது என்று ஆத்மநாதன் சொல்ல ஆரம்பித்தார். பிரகதீஸ்வரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். துணைப் பாடத்தைச் சொல்கிறார் அப்பா என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

ரெக்கார்டுப்படி அவள் ஐ.பி.பி.ஏ. துறையின் மாணவி. அந்தத் துறைத் தலைவர், இந்த மாணவியிடம் எங்களுக்கு எதுவும் வரவேண்டியதில்லை என்று சான்று கொடுத்தால் போதும்.

“துறைத் தலைவர் எங்க இருக்காரு?”

“போஸ்ட் வேகண்ட். பொறுப்பு நான்தான் பாக்குறேன்.”

“அப்ப நீங்களே குடுங்க சார்.”

“இந்த சேர்ல இருந்து முடியாதும்மா,” என்றார் டீன்.

எழுந்தார். அறையின் மறுமூலையில் இருந்த ஒரு சின்ன மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து முற்றிலும் புதியவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, உட்காருங்கள், என்ன விஷயம் என்று கேட்டார். பிரகதீஸ்வரி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கவனமாகக் கேட்டார். இந்தத் துறைக்கு இதுவரை வேறு மாணவர்களே இல்லை என்பதால் அவளைப் பார்த்ததில் மிகுந்த மகிழ்ச்சி என்றார். ஆனால் ஒரு வகுப்புக்குக்கூட வராத மாணவிக்குப் பாக்கி இல்லை என்று எப்படிச் சொல்வது? வருகைப் பதிவு வேண்டும். வகுப்பு எப்போது நடக்கும்? ஆசிரியர் நியமித்ததும் நடக்கும்.

“டீன் கிட்ட வேணும்னா பேசிப் பாருங்க,” என்றார் டீன். “ஆனா அவர் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்.”

*

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து பல்கலைக்கழகத்தின் முதலாளியான வேந்தரின் அறை வாசலில்.

வேந்தரைப் பார்த்தால் ஒரு நொடியில் முடியும் என்று செக்யூரிட்டிதான் காதோடு சொல்லியிருந்தார். ஆத்மநாதன் அன்று ஒரு கடைக்கும் தண்ணீர் போடவில்லை. சோபாவில் உட்காரப் பயந்து சுவரோரமாக நின்றார். பிரகதீஸ்வரி ராஜலட்சுமிக்கு ஃபோன் செய்தாள். வந்துகொண்டே இருக்கிறோம் மேடம் என்றாள். சரிம்மா, நாலு மணி, மறந்துராத என்றார் ராஜலட்சுமி. வேந்தர் சாப்பிட்டார். தூங்கினார். எழுந்தார். மூன்று மணி தாண்டிய பிறகு கதவு திறந்தது.

வேந்தர் வசந்தகுமாருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேசையில் ஒரு பெரிய டிஜிட்டல் கடிகாரம். டீன் ரகுநாத் ஏற்கெனவே உள்ளே, கையில் குறிப்புப் பேப்பரோடு நின்றிருந்தார்.

“வா ஆத்மநாதா. உக்காரு. மக பைனான்ஸ் படிக்கணும்னு ஆசப்படுதாமே,” என்றார் வேந்தர். “நான் படிக்காமலே செஞ்சவன். இந்த எடத்துலதான் கிரஷர் ஓட்டுனேன். கூடவே பைனான்ஸும் வச்சிருந்தேன். லாரிக்குப் பணம் குடுப்பேன், ஆர்.சி. புக்க வாங்கி உள்ள வச்சுக்குவேன். லாரிய அவன்தான் ஓட்டுவான், டயர் அவன்தான் போடுவான், ராத்திரி முழிச்சுக் கெடக்குறது அவன்தான். புக்கு எங்கிட்ட. அம்புட்டுதான் தொழிலு. ஆனா லாரின்னா தேயும், பழசாகும், ஒரு நா பள்ளத்துல போய் விழுகும். அப்பதான் யோசிச்சேன். தேயாத பொருளு என்ன இருக்குன்னு.”

டீன் வேகமாகக் குறித்துக்கொண்டார்.

“ஐயா, மணியாகுதுங்க,” என்றார் ஆத்மநாதன். “பிள்ளையோட ஒரிஜினல மட்டும் குடுத்தீங்கன்னா டவுனுக்கு ஓடிருவோம். அந்த ஒரு சீட்டு போச்சுன்னா அவளுக்கு இந்த வருசமே போச்சுங்க.”

“தெரியும்ப்பா. அதத்தான் சொல்ல வர்றேன். பிள்ளைக மார்க் ஷீட்டு தேயாது. எம்புட்டு பிள்ளைக ஒரிஜினல் அலமாரில இருக்குன்னு காட்டித்தான் பேங்க்ல அடுத்த பில்டிங்குக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். அது இங்கிட்டு இருக்குற வரைக்கும் பிள்ளை இங்கிட்டு இருக்கும். பிள்ளை இருக்குற வரைக்கும் பேங்க்காரன் இருப்பான். நீ ஒண்ண உருவிட்டுப் போனேன்னா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். அடுக்கி வச்ச செங்கல்லுல ஒண்ண உருவச் சொல்றியே, நியாயமா?”

இது நியாயமா என்று கேட்டது வேந்தர். ஆத்மநாதனுக்கு ஒரு கணம், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. எழுந்து குனிந்து மேசையைத் தொட்டார். காலைத் தொட முடியாத தூரத்தில் இருந்தார் வேந்தர்.

பிரகதீஸ்வரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமயத்திலிருந்து டவுனுக்குப் போக ஆகும் நேரத்தை அந்தக் கடிகாரம் ஏற்கெனவே தின்றுவிட்டது. குட்டியானையை எப்படி முறுக்கினாலும் இனி முடியாது.

வேந்தர் பேசிக்கொண்டே இருந்தார். நாட்டில் நிதிக் கல்வி எப்படிச் சீரழிந்துவிட்டது என்றார். நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றார். கடிகாரம் நாலு காட்டியது. இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு தாண்டிருச்சா? சரி, அந்தப் பிள்ளை ஒரிஜினலக் குடுத்துருங்கய்யா.”

“சார், பாலிசிப்படி ஐ.பி.பி.ஏ. அட்டெண்டன்ஸ்…” என்றார் டீன்.

“இம்புட்டு நேரம் நான் சொல்லிக் குடுத்தேனே, அது கிளாஸ் இல்லையா?”

டீனுக்குப் பளிச்சென்று புரிந்தது. வருகைப் பதிவாயிற்று. தன் அறைக்கு ஓடி, மூலையில் இருந்த சின்ன மேசையில் உட்கார்ந்து பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட்டார். டீன் மேசைக்கு வந்து அதைத் தானே பெற்றுக்கொண்டார். பதினெட்டு வயதுப் பிரச்சினையை யாரும் எடுக்கவில்லை. மூன்று நாளாக நகராத கோப்பு மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறை. உள்ளே மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று. ஏ.சி. அறையில் இருந்ததால் சில்லென்று இருந்தது.

“நாலு மணி வரைக்கும் அது ஒரிஜினல்,” என்றார் வேந்தர். “இப்ப அது பேப்பரு. இதாம்மா பைனான்ஸ். ஒனக்கு மொதப் பாடம், சும்மாவே சொல்லியிருக்கேன். திங்கக்கெழம வந்து சேந்துக்க. ஆடித் தள்ளுபடி இன்னும் இருக்கு.”

பிரகதீஸ்வரி மூன்று தாளையும் எடுத்துச் சரிபார்த்தாள். உறைக்குள் திரும்ப வைத்தாள்.

“ஒங்க கம்பெனி கவுந்துருங்க ஐயா,” என்றாள்.

வேந்தர் சிரித்தார். கோபமே இல்லை.

“கவுந்துரும்தான். அன்னிக்கு உள்ள இருக்கப் போறது நானா?”

*

ஆனாலும் அவர்கள் டவுனுக்குப் போனார்கள். வேறு எங்கே போவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அரசுக் கல்லூரி வாசலில் குட்டியானை நின்றபோது ஆபீஸ் ஜன்னல்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மாள் சாப்பாட்டுப் பையோடு படியிறங்கி வந்தார். பிரகதீஸ்வரி ஓடிப்போய் நின்றாள். உறையை நீட்டினாள்.

அவர்தான் ராஜலட்சுமி. உறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற ஆத்மநாதனைப் பார்த்தார். மெதுவாகப் பையைத் தரையில் வைத்தார்.

அவள் வராததால் மூன்றரை மணியிலிருந்தே பட்டியலில் அடுத்தடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்தவள், அதற்கடுத்தவள், அதற்கும் கீழே இருந்த பையன். எல்லோரும் அழாத குறையாக ஒரே பதில்தான் சொன்னார்கள். ஒரிஜினல் கையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

“அப்ப அந்த எடம்?”

“அப்படியேதான்மா கெடக்கு. யாரும் சேரல.”

“என்னையச் சேத்துக்கங்க மேடம். எடம் இருக்கு. ஒரிஜினல் இருக்கு. நானும் இருக்கேன்.”

“போர்ட்டல் இல்லையேம்மா,” என்றார் ராஜலட்சுமி. “நாலு மணிக்குத் தானா மூடிக்கிரும். எங்க கையில ஒண்ணுமில்ல.”

“இனிமே எப்பங்க தெறக்கும்?” என்றார் ஆத்மநாதன்.

“அடுத்த வருசம்.”

உள்ளே யாரோ பூட்டைத் தொங்கவிடும் சத்தம் கேட்டது. அந்தக் காலி இடத்தை என்ன செய்வீர்கள் என்று பிரகதீஸ்வரி கேட்டாள்.

“மேல ரிப்போர்ட் அனுப்பணும். ‘விருப்பமுள்ள மாணவர் எவரும் இல்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டு அனுப்புவோம்.”

“எனக்கு விருப்பம் இருந்துச்சே மேடம்.”

“தெரியும்மா. ஆனா அதுல இருக்கறது அந்த ஒரு கட்டந்தான்.”

“விருப்பம் இல்லைன்னு என் பேரப் போட்டா அனுப்புவீங்க?”

ராஜலட்சுமி குனிந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

“பேரெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா,” என்றார்.